மலையாண்டி ஹோம்ஸ்டேக்கு ஒரு ஸ்டார்

மலையாண்டி ஹோம்ஸ்டேயில் காலை எட்டு மணிக்கு முன்னால் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்பது வெற்றிசெல்வன் போட்ட சட்டம். விருந்தாளிகள் தங்கியிருந்தாலும் சரி, அறைகள் காலியாக இருந்தாலும் சரி, பழக்கம் மாறக் கூடாதாம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சட்டத்தை அவனே உடைத்தான்.

"அண்ணி, இங்கிட்டு வாங்க. அண்ணே, நீயும் வா. கார்த்திகா... ஆத்தா... எல்லாரும் வாங்க."

அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்த வனிதாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கொழுந்தன் கோபக்காரன்தான். ஆனால் அவன் குரலில் இப்படி ஒரு நடுக்கத்தை அவள் கேட்டதில்லை. கடுகு கருகும் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்னவாசலிலிருந்து சித்தன்னவாசல் போகும் சாலையில் மாமனார் மலையாண்டி கட்டிய வீடு அது. அவர் காலமான பிறகு, கத்தார் நாட்டுத் தோகாவில் பத்து வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய இளைய மகன் வெற்றிசெல்வன் மாடியில் நாலு அறை எடுத்து, குகை ஓவியம் பார்க்க வருகிறவர்கள் தங்கிச் சாப்பிடும் இடமாக்கினான். மூத்தவன் சூர்யபிரகாஷ் விருந்தாளிகளுக்குக் கார் ஓட்டினான். இளைய மருமகள் கார்த்திகா புக்கிங் பார்த்தாள். மூத்த மருமகள் வனிதா சமைத்தாள், பெட்ஷீட் துவைத்தாள், அறை கூட்டினாள், கழிப்பறை கழுவினாள். இதைத்தான் எல்லோரும் குடும்பத் தொழில் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில் கீழே இருந்த பெரிய அறையும் வாடகைக்குப் போனது. வனிதாவும் சூர்யபிரகாஷும் இருபது வருஷம் குடும்பம் நடத்திய அறை. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும், பிளஸ் டூ படிக்கும் மகள் ஹரிணியும் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறார்கள். ஹரிணி மூட்டை மேல் புத்தகத்தை வைத்துப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

காலை டியூஷனுக்குப் போயிருந்த ஹரிணியைத் தவிர எல்லோரும் கூடத்தில் வந்து நின்றார்கள். வெற்றிசெல்வன் போனைக் கையில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அதற்குள் யாரோ இறந்துவிட்டார்கள் போலிருந்தது.

"சென்னை டூர் கம்பெனியிலேருந்து மெசேஜ். வியாழக்கெழம குரூப் வராதாம். வருசம் பூராவும் ஆள் அனுப்புறோம்னு பேசுனதும் இல்லையாம். 'ரிவ்யூவில் பிரச்சனை, விவரம் மெயிலில்.' ரெண்டே வரி. என்னடா ரிவ்யூன்னு நம்ம பக்கத்தத் தொறந்து பாத்தேன்..."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"'சோத்துல முடி கெடந்துச்சு. ரூம்பு சுத்தமில்ல. இங்கிட்டு யாரும் வராதீக.' ஒரு ஸ்டார். அம்பத்தஞ்சு பேரு அஞ்சு ஸ்டார் குடுத்த எடத்துல, ஒரே ஒரு ஸ்டார்."

தலையில் துணி கட்டாமல் வனிதா அடுப்படிக்குள் போனதே கிடையாது. அவள் சோற்றில் முடியா?

"யாரு தம்பி இப்படி எழுதுனது? போன வாரம் வந்த திருச்சிக்காரங்களா? அவங்க ரெண்டு தடவை கேட்டு வாங்கில்ல சாப்பிட்டாங்க..."

வெற்றிசெல்வன் போனை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

"பேரப் படிங்க அண்ணி."

வனிதா சூர்யபிரகாஷ். பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் அவளுடைய படம், ஹரிணி சடங்குக்குக் கட்டிய பச்சைப் பட்டோடு சிரித்துக்கொண்டிருந்தது. தன் முகத்தைத் தானே பார்த்து ஒருத்திக்கு இப்படித் திக்கென்று ஆகும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"தம்பி... நான் எழுதல."

"ஒங்க பேரு, ஒங்க போட்டோ, ஒங்க போன்லேருந்து வந்துருக்கு. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு."

கார்த்திகா மெதுவாக வாயைத் திறந்தாள். "நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன வாரம் ஹரிணி படிக்க எடமில்லன்னு அழுதப்ப அக்காதான் சொன்னாங்க. இந்த வீட்டுக்கு ஒரு ஆளும் வராம இருந்தாத்தான் எம் புள்ள படிப்பான்னு..."

"ஆத்தரத்துல சொன்னேன் கார்த்திகா. சொன்னேன்... ஆனா நான் எழுதலம்மா."

"வாயில சொன்னது கையில வந்துருச்சு போல" என்றான் வெற்றிசெல்வன்.

வனிதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஊரே ஒரு பக்கம் நின்றாலும் இந்த மனுஷன் ஒருத்தர் போதும் என்றுதான் இத்தனை வருஷம் இந்த வீட்டில் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். சூர்யபிரகாஷ் அந்தப் போனையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. சத்தியமா நான் எழுதல."

"கோவம் இருந்தா எங்கிட்ட சொல்லிருக்கலாம் வனிதா" என்றான் அவன். சத்தம் போடாமல்தான் சொன்னான். "போர்டுல இருக்கறது செத்துப்போன எங்கப்பா பேரு. அதுல சாணி அடிக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவளுக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் பார்வை தற்செயலாக மாமியார் மேல் விழுந்தது.

மூக்காயிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தூணை ஒட்டி நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் வனிதாவின் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று தரைக்குப் போனது.

நேற்று மத்தியானம் இரண்டு மணி... வனிதா கொல்லையில் பெட்ஷீட் அலசிக்கொண்டிருந்தாள். "பாட்டுக் கேக்கணும், போனக் குடு தாயி" என்று வாங்கிப் போனது அத்தைதான். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், மைக்கைத் தொட்டுப் பேசிப் பாட்டும் சீரியலும் தேட ஹரிணி பழக்கிவிட்டிருந்தாள். விருந்தாளிகள் கிளம்பும்போது வாசல் சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டைக்கு நேராகப் போனை நீட்டி ஸ்டாரைத் தொடுவதைத் தினமும் உட்கார்ந்து பார்ப்பவள் அவள். 'ரூம்பு' என்றும் 'வராதீக' என்றும் இந்த வீட்டில் வேறு யார் பேசுகிறார்கள்?

ஏன் செய்தாள் என்பதுதான் வனிதாவுக்கு விளங்கவில்லை.

"கார்த்திகா, மெயில்ல என்ன போட்ருக்குன்னு பாரு" என்றான் வெற்றிசெல்வன். கார்த்திகா மூலையில் இருந்த லேப்டாப்பைத் திறந்து படித்தாள். படித்து முடித்தும் தலையை நிமிர்த்தவில்லை. "ரிவ்யூ சரியில்லைன்னுதான் போட்ருக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்கள்ல? பத்து வருச ஒழைப்பு போச்சு. இனி ஒரு கம்பெனியும் நம்மள எட்டிப் பாக்க மாட்டான். இத எழுதுனது யாரா இருந்தாலும் சரி, இன்னையோட இந்த வாசப்படி எறங்கிரணும். அது எங்கூடப் பொறந்தவங்களா இருந்தாலும், பெத்தவங்களா இருந்தாலும்."

"வெற்றி... ஏப்பா... அது வந்து..." மூக்காயியின் வாய் குழறியது.

வனிதாவுக்குப் போன ஆடி மாதம் ஞாபகம் வந்தது. விருந்தாளி ஒருத்தியிடம் 'கல்யாணமாகி எத்தன வருசம், இன்னம் புள்ள இல்லையா' என்று கேட்டுவிட்டாள் என்று இதே மகன் இதே தாயை இலுப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டான். நாற்பது நாள். வனிதா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது, மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு பாயில் பாதியாக இளைத்துக் கிடந்தாள் மூக்காயி. கையைப் பிடித்துக் கூட்டிவந்தது வனிதாதான். பஸ்ஸில் வழியெல்லாம் அந்தக் கையை விடவே இல்லை அந்தக் கிழவி. தனக்காவது கீரமங்கலத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"தம்பி" என்றாள் வனிதா. "நான்தான் எழுதுனேன்."

சூர்யபிரகாஷ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வெற்றிசெல்வனுக்கே அதிர்ச்சிதான். அவள் இன்னும் மறுப்பாள், அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான்.

"ஹரிணிக்குப் பரீட்ச முடியிற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும். நான் ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வனிதா ஸ்டோர் ரூமுக்குள் போனாள்.

பையில் நாலு புடவையை வைப்பதற்குள் மூக்காயி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். வந்தவள் அப்படியே மருமகளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன? பாவி நான்ல எழுதுனேன்..."

"மெதுவாப் பேசுங்க அத்த. தெரியும்."

"தெரிஞ்சேவா..." என்றாள் மூக்காயி. "நான் கெடுக்க நெனக்கல தாயி. எம் புள்ள பொழப்பக் கெடுப்பனா? கடைத்தெருவுல பாக்குறவங்ககிட்டல்லாம் போனக் காட்டி, 'அத்தன பேரும் அஞ்சு ஸ்டாரு, ஒரு கொற இல்ல'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். அடுத்த வாரமே வண்டியிலேருந்து விழுந்தான். மோட்டாரு எரிஞ்சுச்சு. ஒம் புருசனுக்குக் காச்சலு. கண்ணு பட்டுப்போச்சுடி. வாசல்ல பூசணிக்காயக் கட்டுனேன், போட்டோவுல அசிங்கமா விழுதுன்னு அத்து எறிஞ்சுட்டான். நானும் யோசிச்சுப் பாத்தேன்... இப்பல்லாம் வாசலப் பாத்தா கண்ணு வைக்கிறாங்க? போனப் பாத்துல்ல வைக்கிறாங்க. அதான் அங்கயே ஒரு பொட்டு வச்சேன். கன்னத்துல வைக்கிற மாதிரி, ஒன்னே ஒன்னு."

தன் காதில் விழுந்ததை வனிதாவால் நம்ப முடியவில்லை.

"எனக்கு முன்னாடி எங்க ஆத்தாளுக்கு மூணு புள்ள தங்கல" என்றாள் மூக்காயி. "நாலாவது நான். பொறந்த அன்னைக்கே குப்பையில பொரட்டி, தவுட்டுக்கு வித்து, மூக்குல ஓட்டையப் போட்டு மூக்காயின்னு பேரு வச்சாங்க. பழுதான புள்ளைன்னு எமன் விட்டுட்டுப் போயிருவானாம். அப்படிப் பொழச்சு வந்தவடி நான். ஒனக்கும் ரெண்டு தங்காமத்தான ஹரிணி பொறந்தா? ஒரு நாளாச்சும் அவளப் பொட்டு இல்லாம வெளிய விட்ருப்பனா? நல்லதுக்குப் பழுது வைக்கணும்னுதான் எனக்குத் தெரியும். அது ஒம் பேர்ல விழும்னு தெரியாது தாயி. சத்தியமாத் தெரியாது."

வனிதா குனிந்து மாமியாரின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை.

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்த. கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிரும். ஹரிணிக்கு மட்டும் காலையில பால் காச்சிக் குடுத்துருங்க."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். சூர்யபிரகாஷ் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலுக்கு இரண்டு அடி இருக்கும்போது, பின்னால் வந்த மூக்காயி அவளைத் தாண்டி ஓடிப்போய் நிலைப்படியில் குறுக்கே கையை நீட்டி நின்றாள். எழுபது வயதில் அவ்வளவு வேகம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"இவ போகக் கூடாது. எழுதுனது நான்டா."

வெற்றிசெல்வனுக்குப் புரியவில்லை. "என்ன ஆத்தா ஒளர்ற?"

"ஒளறல. இவ போன வாங்கி, அந்த அட்டைக்கு முன்னாடி நீட்டி, ஒரு ஸ்டாரத் தொட்டு, வாயால பேசி அனுப்புனது நான்தேன். ஒனக்குக் கண்ணு படக் கூடாதுன்னு பொட்டு வச்சேன். பெத்தவளா இருந்தாலும் வாசப்படி எறங்கணும்னியே... இந்தா எறங்குறேன். என்னயத் தேடி யாரும் இலுப்பூருக்கு வர வேணாம்."

சூர்யபிரகாஷ் எழுந்து நின்றான். வெற்றிசெல்வன் தாயைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், மறுபடி தாயைப் பார்த்தான். பிறகு காலையில் வந்த அதே கோபம் மறுபடி ஏறியது.

"பொட்டா? ஒரு பொட்ட வச்சு என் தொழிலையே முடிச்சுட்டியே ஆத்தா... நீ எனக்குத் தாயா, இல்ல..."

"போதும்ங்க."

சொன்னது கார்த்திகா. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன். அப்பவே மெயில முழுசாப் படிச்சுட்டேன். இதுல அந்த ஒரு ஸ்டாரப் பத்தி ஒரு வரிகூட இல்ல. மூணே நாள்ல நாப்பத்தி மூணு பேரு அஞ்சு ஸ்டார் போட்ருக்காங்களாம். நாப்பத்தி மூணு பேருமே தோகாவுல இருக்கறவங்களாம். அதுல ஒருத்தர்கூட இங்க வந்து தங்குனதுக்குப் பதிவே இல்லையாம். 'பொய்யான ரிவ்யூ வைத்திருக்கும் இடத்துக்கு எங்கள் பயணிகளை அனுப்ப முடியாது.' இதான் கடைசி வரி."

வனிதாவின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"நாப்பத்தி மூணு பேரா?" என்றான் சூர்யபிரகாஷ். "டேய்... யாருடா அவங்க?"

வெற்றிசெல்வன் லேப்டாப்பைச் சாத்தினான். "தோகாவுல கூட வேல பாத்த பசங்கண்ணே... கம்பெனிக்காரங்க பாக்குறப்ப பன்னண்டு ரிவ்யூதான் இருந்துச்சு. கொறைச்சலாத் தெரியுதேன்னு... எல்லா எடத்துலயும் செய்றதுதாண்ணே. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

நல்லதுக்குத்தான். ஆளாளுக்கு நல்லதுக்குச் செய்து அந்த வீட்டில் ஒரு பொம்பளை பையோடு வாசலில் நின்றாள்.

கார்த்திகா அழுதுகொண்டே வனிதாவின் பக்கம் வந்தாள். "இவர் பேரு கெட்டுரக் கூடாதுன்னு மறைச்சேன் அக்கா. பழி ஒங்க மேல விழுந்தா விழட்டும்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன். நீங்க பையத் தூக்கிட்டு வந்தப்ப எனக்குத் தாங்கல. செருப்பால அடிங்க அக்கா."

வனிதா அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவள் தோளில் கையை மட்டும் வைத்தாள்.

வெற்றிசெல்வன் வந்து அண்ணியின் காலில் விழப்போனான். வனிதா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எங்கிட்ட வேணாம் தம்பி. நான் இன்னொரு வீட்டுப் பொண்ணு, போறதுக்கு ஒரு ஊரு இருக்கு. வாசப்படி எறங்கணும்னு சொன்னது ஒங்களப் பெத்தவங்களையும் சேத்துத்தான? அவங்ககிட்டக் கேளுங்க."

நிலைப்படியில் இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தாள் மூக்காயி. வெற்றிசெல்வன் போய் அந்தக் கையைப் பிடித்தான். முப்பத்தெட்டு வயது ஆம்பளை, தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "இலுப்பூருக்கு இனிமே யாரும் போக வேணாம் ஆத்தா... யாரும் போக வேணாம்..." என்பது மட்டும்தான் அவன் வாயிலிருந்து தெளிவாக வந்தது. மூக்காயி அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "சாப்பிட்டியாடா நீ?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தோகாவுக்கு ஒவ்வொருத்தராகப் போன் போட ஆரம்பித்தான். எழுதியதை அழிக்கச் சொல்லி ஒவ்வொருத்தரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. யாரும் அவனுக்கு உதவப் போகவில்லை.

வனிதா தன் போனை எடுத்து, தன் பேரில் இருந்ததைத் தானே அழித்தாள். மூக்காயி கவலையோடு பார்த்தாள்.

"அது கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே தாயி?"

"இல்லாத நல்லதும் வேணாம், இல்லாத கெட்டதும் வேணாம் அத்த. வந்து தங்குன அந்தப் பன்னண்டு பேரு எழுதுனது இருக்குல்ல, அது போதும். நீங்க வாசல்ல பூசணிக்காயக் கட்டிக்கங்க. இனிமே யாரு அத்து எறியிறாங்கன்னு நானும் பாக்குறேன்."

சென்னைக் கம்பெனி திரும்பி வருமா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வராமலும் போகலாம். ஆனால் அந்தப் பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை.

கீழே விழுந்த பையை எடுத்துக்கொண்டு வனிதா ஸ்டோர் ரூமைத் தாண்டி நடந்தாள். கீழே இருந்த பெரிய அறையின் கதவைத் திறந்தாள். வியாழக்கிழமை வர வேண்டியவர்களுக்காக அவளே விரித்த வெள்ளை விரிப்பு கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. பையை அதன் மேல் வைத்தாள். வாடகைக்கு விடும் அறைகளிலிருந்து இந்த அறையை எடுத்துவிட வேண்டும் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை, வெற்றிசெல்வனும் எதுவும் சொல்லவில்லை.

சூர்யபிரகாஷ் வாசலோடு நின்றான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"வனிதா... நீ எழுதலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"சொன்னேனே. மூணு தடவ சொன்னேன். ஒங்க மூஞ்சியப் பாத்துக்கூடச் சொன்னேன். அப்ப யாரும் நம்பல... நான்தான் எழுதுனேன்னு ஒரே ஒரு தடவ பொய் சொன்னேன். அத மட்டும் எல்லாரும் ஒடனே நம்பிட்டீங்க."

சூர்யபிரகாஷ் நின்ற இடத்திலேயே சுவரோரமாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. ஹரிணி வர்றதுக்குள்ள அவ புத்தகத்தையெல்லாம் இங்கிட்டு எடுத்துட்டு வாங்க. ஒங்களப் பத்தி நான் அப்பறம் யோசிக்கிறேன்."